ஏரியின் வருமானம் யாருக்கு?

வடக்கெல்லை நீர்க்கதை – 14

கார்வேட்நகர் ஜமீன் கடனில் மூழ்கிய கதையைச் சென்ற வாரம் பார்த்தோம். வட்டிக்காரர்களையும் வழக்குகளையும் இந்த வாரம் ஒதுக்கிவைப்போம். அந்த ஜமீனுக்குள் அடங்கிக் கிடந்த திருத்தணிப் பக்கத்து ஏரிகளையும் ஓடைகளையும் யார் கவனித்தார்கள், கவனித்தவர்களுக்கு என்ன கிடைத்தது என்பதுதான் இன்றைய சங்கதி.

ஐப்பசி மழை விட்ட ஒரு காலையில் திருத்தணி மலைமேல் மதிலோரம் நின்று கீழே பாருங்கள். ஊரைத் தாண்டியதும் வயலும் ஏரியும் மாறி மாறி வரும். ஏரி என்பது இங்கே தனி நீர்நிலை அல்ல. ஒன்று நிரம்பினால் கலங்கல் வழியாக அடுத்ததற்குப் போகும். அது நிரம்பினால் அதற்கடுத்தது. எஞ்சியது ஓடையில் இறங்கி ஆற்றைச் சேரும். ஊரையொட்டி ஓடும் நந்தியாறும் மழைக்கால ஆறுதான். நந்தி தேவர் இங்கே முருகனை வழிபட்டதாகத் தலபுராணம் சொல்கிறது. ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுத்து வருகிறவர்களுக்குச் சரவணப் பொய்கை தெரிந்த அளவுக்கு நந்தியாறு தெரியாது. ஊர்ச் சாக்கடையும் குப்பையும் சேர்ந்துவிட்ட அந்த ஆற்றைப் பாலத்தின் மேல் மூக்கைப் பொத்திக்கொண்டு கடப்பவர்களே அதிகம். நந்தியாறு கொசஸ்தலையாற்றில் கலக்கிறது. கொசஸ்தலை பூண்டி ஏரியை நிரப்பிவிட்டு எண்ணூரில் கடலை அடைகிறது. ஆக, இந்தப் பக்கத்தில் ஆற்றை மீட்பது என்றால் ஏரியை மீட்பது, ஏரிக்கு வரும் வரத்துக்காலை மீட்பது. ஆற்றுக்குள் மட்டும் பொக்லைனை இறக்கிவிட்டு வேலை முடிந்தது என்று படம் எடுத்துக்கொள்வதில் பயனில்லை.

நந்தியாற்றங்கரையில் ஒரு சிறிய கற்றளி இருக்கிறது. வீரட்டானேசுவரர் கோயில். பல்லவர் வரிசையின் கடைசிக்காரனான அபராஜிதவர்மன் காலத்தில், ஒன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், நம்பி அப்பி என்பவர் எடுப்பித்தது. மன்னனே பாடிய வெண்பா ஒன்று அங்கே கல்லில் வெட்டப்பட்டிருக்கிறது. பக்கத்து வேலஞ்சேரியில் 1977-இல் கிடைத்த செப்பேடுகளில் ஒன்று அதே அபராஜிதனுடையது; இன்னொன்று சோழன் முதலாம் பராந்தகனுடையது. அரசு மாறிய அந்த இடைவெளியிலும் இந்த வட்டாரத்து ஏரிகள் கைமாறி ஓடிக்கொண்டுதான் இருந்தன. பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள், 919-லும் 921-லும் வெட்டியவை, ஏரி வாரியத்துக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் முறையைச் சொல்கின்றன. குடவோலையைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் எல்லோரும் படித்திருக்கிறோம். அந்த வாரியம் எதை வைத்து ஏரியைப் பராமரித்தது என்பதைத்தான் பாடப்புத்தகம் சொல்வதில்லை. ஏரிக்கென்றே நிலம் விடப்பட்டிருந்தது. ஏரிப்பட்டி என்று அதற்குப் பெயர். பொன்னை முதலாக வைத்து, அதன் வட்டியில் ஆண்டுதோறும் வண்டல் வாரச் சொன்ன அறக்கட்டளைகளும் உண்டு. ஏரிக்கு என்று ஒரு வருமானம் தனியே இருந்தது. அது அரண்மனைக் கஜானாவைச் சுற்றிக்கொண்டு வரவில்லை.

விஜயநகர காலத்தில் இந்த ஏற்பாடு இன்னும் தெளிவான உருவம் எடுத்தது. சித்தூர், கடப்பை, நெல்லூர்ச் சீமைகளில் அதற்குத் தசபந்தம் என்று பெயர். ஒருவர் சொந்தச் செலவில் ஏரி வெட்டினாலோ உடைந்ததைச் செப்பனிட்டாலோ, அந்த ஏரியால் வரும் வருவாயில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு அவருக்கு நிலமோ வரியோ விட்டுக்கொடுக்கப்படும். ஏரியைத் தொடர்ந்து பார்த்துக்கொள்ளும் வரை அது வம்சத்துக்கும் நிற்கும். கைவிட்டால் பறிபோகும். திருத்தணி 1911 முதல் சித்தூர் ஜில்லாவில் இருந்தது, அதற்கு முன் வட ஆர்க்காட்டில். தெலுங்கும் தமிழும் ஒரே திண்ணையில் உட்காரும் மண் இது. தசபந்தக் கணக்கு இந்தப் பக்கத்துக் கர்ணங்களுக்குப் பழக்கப்பட்ட கணக்கு.

இதை மக்களாட்சி என்று மயங்க வேண்டியதில்லை. தசபந்தம் பெரும்பாலும் ஒரு வசதிக்காரருக்கோ ஊர்ப் பெரியதனக்காரருக்கோ போனது. மண் சுமந்த தலை வேறு யாருடையதோ. ஊராரே ஏரியைச் செப்பனிடும் குடிமராமத்தைப் பொற்காலமாகப் பாடுகிறவர்கள் இந்த இடத்தில் தொண்டையைக் கனைத்துக்கொண்டு அடுத்த வரிக்குப் போய்விடுவார்கள். கரைக்கு மண் போட்டவர்களிலும், இரவில் மடையைக் காத்த நீர்க்கட்டிகளிலும் ஏரிப் பாசனத்தில் ஒரு சென்ட் நிலமும் இல்லாதவர்கள் எத்தனையோ பேர். அறுவடையில் சில படி நெல் கிடைத்தது. முடிவெடுக்கும் கூட்டத்தில் இடம் கிடைக்கவில்லை. இருந்தும் ஒரு விஷயத்தைத் தசபந்தம் சரியாகப் பிடித்திருந்தது. ஏரியைக் காப்பவனின் சோறு ஏரியிலிருந்தே வர வேண்டும்.

கம்பெனி அரசாங்கம் இதைத் தலைகீழாகப் புரட்டியது. 1858-ஆம் ஆண்டின் முதலாவது சட்டம், சென்னை மாகாணக் கட்டாய உழைப்புச் சட்டம், வெள்ளம் வந்து கரை உடையும் ஆபத்து என்றால் ஊரார் எல்லோரும் வேலைக்கு வரவேண்டும் என்றது. அதில் ஆட்சேபிக்க ஒன்றுமில்லை. அதே சட்டம், வழக்கமாகச் செய்துவந்த மராமத்து வேலையைச் செய்ய மறுப்பவரிடம் அந்த வேலையின் மதிப்பைப் போல இரண்டு மடங்கு வசூலிக்கவும் வழி செய்தது. ஊர் வழக்கம் அப்போதுதான் சட்டப் புத்தகத்தில் ஏறியது. ஏறும்போது கடமை மட்டும் ஏறியது. வழக்கத்தின் மறுபாதியான பட்டி நிலம், மானியம், மீன், மரம் ஆகியவை இனாம் கமிஷனின் விசாரணைக்கும் ரெவின்யூ கணக்குக்கும் போய்ச் சேர்ந்தன. உரிமையை எடுத்துக்கொண்டு உழைப்பை மட்டும் கேட்டால் யார் வருவார்கள்? குடிமராமத்து செத்துக்கொண்டிருக்கிறது, குடியானவர்கள் சோம்பேறிகள் ஆகிவிட்டார்கள் என்று வெள்ளைக்கார அதிகாரிகள் அதற்குப் பிறகு பல்லாண்டு காலம் புலம்பினார்கள்.

1876-இல் தொடங்கிய தாது வருஷப் பஞ்சம் அந்தப் புலம்பலுக்கு விலை வைத்தது. பஞ்சக் கமிஷன் வந்தது. 1883-இல் ஏரிச் சீரமைப்புத் திட்டம் வந்தது. ஏரி ஏரியாக அளந்து, கரை உயரமும் கலங்கல் அகலமும் வரையறுத்து, செப்பனிட்டார்கள். நல்ல வேலைதான். ஆனால் அது அடிப்படையில் சர்க்கார் ஏரிகளுக்கு. 1802 முதல் அரசுக்கு நிரந்தரப் பேஷ்குஷ் (கப்பம்) கட்டிவந்த கார்வேட்நகர் ஜமீனின் ஏரிகள் ராஜாவின் பாடு. ராஜாவோ, சென்ற வாரம் பார்த்தோமே, கடன்காரர்களுக்குப் பதில் சொல்லவே நேரம் போதாதவர். 1908-இல் எஸ்டேட் நிலச் சட்டம் வந்தபோது, ஜமீன்தார் ஏரியைப் பழுதுபார்க்காவிட்டால் குடியானவர்கள் கலெக்டரிடம் மனுப் போடலாம் என்று ஒரு வழி திறந்தது. ஜமீன்தாருக்கு எதிராக மனுப் போட்டுவிட்டு அதே ஜமீனில் குடியிருப்பது எவ்வளவு சுலபம் என்பதை வாசகர் ஊகத்துக்கு விடுகிறேன்.

1948-இல் ஜமீன் ஒழிந்தது. ஏரிகள் அரசுக்கு வந்தன. நூறு ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு உள்ளவை பொதுப்பணித் துறைக்கு, அதற்குக் கீழ் உள்ளவை பஞ்சாயத்துகளுக்கு என்று பாகம் பிரிந்தது. இன்றைக்கும் அரசுக் கோப்புகளில் 'முன்னாள் ஜமீன் ஏரி' என்று ஓர் இனம் உண்டு. ஜமீன் போய் எழுபது ஆண்டு தாண்டியும் பெயர் ஒட்டிக்கொண்டிருப்பதற்குக் காரணம், சர்க்கார் ஏரிகளுக்குக் கிடைத்த அளவெடுப்பும் தரநிர்ணயமும் இவற்றில் பலவற்றுக்குக் கிடைக்காமல் போனதே. திருத்தணிக்கு இன்னொரு சுற்று அலைச்சல் வேறு. 1953-இல் ஆந்திரம் பிரிந்தபோது சித்தூர் ஜில்லாவோடு அங்கே போனது. ம.பொ.சி.யும் மங்கலங்கிழாரும் நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்தையும் படாஸ்கர் தீர்ப்பையும் தாண்டி, 1960 ஏப்ரல் 1 அன்று சென்னை மாநிலத்துக்குத் திரும்பியது. அந்தப் போராட்டத்துக்கு இத்தொடரில் மூன்று அத்தியாயம் கொடுத்தாயிற்று. இங்கே சொல்ல வேண்டியது ஒன்றுதான்: எல்லைக் கோட்டை மொழி பார்த்துப் போட்டார்கள், நீர்ப்பிடிப்புப் பார்த்துப் போடவில்லை. ஊர் இந்தப் பக்கமும் அதன் மழை அந்தப் பக்கமுமாகப் போயின.

ஏரி கைமாறிய இந்த ஆண்டுகளில் ஊருக்கு எஞ்சியது என்ன என்று ஒரு சாதாரண ஏரிக்கரையில் நின்று கணக்குப் பார்க்கலாம். தண்ணீரில் மீன் இருக்கிறது. மீன் பாசி ஏலம் விடுவது துறையோ பஞ்சாயத்தோ. உள்வாயில் கருவேல மரம் நிற்கிறது. சமூகக் காடு வளர்ப்பில் வனத்துறை நட்டது. வெட்டுக்கும் அவர்கள் கணக்கு உண்டு. அடியில் வண்டல் இருக்கிறது. அது கனிம வளம். 2024 வரை அனுமதி கலெக்டர் ஆபீஸில். கரை உடைந்தால் மட்டும் ஊருக்குச் சேதி வரும். கலங்கலைப் பாருங்கள். பழைய கலங்கல்களின் மேல் முழ உயரக் கற்களை வரிசையாக நட்டிருப்பார்கள். மழைக்காலக் கடைசியில் அந்தக் கற்களின் சந்தில் களிமண்ணையும் புல்லையும் திணித்து அடைத்தால், ஏரியில் இன்னும் ஓரடித் தண்ணீர் கூடுதலாக நிற்கும். அந்த ஓரடிதான் கடைமடைக்காரனின் கடைசி நனைப்பு. அதே ஓரடி, உள்வாயை ஒட்டிப் பட்டா வைத்திருப்பவனின் கேழ்வரகை முக்கிவிடும். எந்த நாளில் அடைப்பது, எந்த நாளில் எடுத்துவிடுவது என்று ஊர்தான் முடிவு கட்ட முடியும். கட்ட ஒரு சபை இருந்தால் கட்டும். செயற்பொறியாளர் அலுவலகத்திலிருந்து அதைச் சொல்ல முடியாது. சொல்லவும் ஆள் போதாது.

இந்த இடைவெளியை அரசு உணராமல் இல்லை. 2000-இல் விவசாயிகள் பாசன மேலாண்மைச் சட்டம் வந்து நீரைப் பயன்படுத்துவோர் சங்கங்களை உண்டாக்கியது. 2007-இல் உலக வங்கிக் கடனில் பாசன நவீனமயத் திட்டம் வந்தது. அதே ஆண்டு ஏரி ஆக்கிரமிப்பு அகற்றும் சட்டமும் வந்தது. பிறகு 2017 மார்ச்சில், அப்போதைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி காஞ்சிபுரம் மாவட்டம் மணிமங்கலத்தில் குடிமராமத்தைத் தொடங்கிவைத்தார். முதல் சுற்றில் 100 கோடி ரூபாயில் 1,519 பணிகள். 2019-20-இல் அது ஏறக்குறைய 500 கோடி ரூபாயில் 1,829 பணிகளாக வளர்ந்தது. டெண்டர் இல்லை. பதிவு செய்த ஆயக்கட்டுதாரர் சங்கத்திடமே வேலை ஒப்படைக்கப்படும். செலவில் 90 விழுக்காடு அரசு. மீதி 10 விழுக்காட்டைப் பணமாகவோ பொருளாகவோ உழைப்பாகவோ ஊர் தரவேண்டும்.

கவனித்தீர்களா? தசபந்தத்தில் பத்தில் ஒரு பங்கை அரசு ஏரி காப்பவனுக்கு விட்டுக்கொடுத்தது. குடிமராமத்தில் அதே பத்தில் ஒரு பங்கை ஏரி காப்பவனிடம் கேட்டது.

திட்டத்தை ஒரேயடியாகத் தட்டிவிடுவது நியாயமில்லை. டெண்டரைத் தாண்டிச் சங்கத்தின் கையில் பணத்தைக் கொடுத்தது பெரிய அடி. பல இடங்களில் பத்தாண்டுக்கும் மேல் தூர்ந்து கிடந்த மதகுகள் திறந்தன. ஆனால் சங்கத்தின் பெயர் பலகையில் இருக்க, ஆளும் தரப்புக்கு வேண்டிய ஒப்பந்ததாரர் வேலையை எடுத்தார் என்ற புகார்களும் மாநிலமெங்கும் எழுந்தன. வியப்பில்லை. வேலைக்கு மட்டும் காசு தந்தால் வேலைக்காரர்கள் வருவார்கள், வேலை முடிந்ததும் போய்விடுவார்கள். அடுத்த ஆனியில் வரத்துக்காலில் முளைக்கும் முள்ளை வெட்ட அந்தச் சங்கத்திடம் பெட்டியில் என்ன இருக்கிறது?

அதே 2017-இல் ஓசையில்லாமல் வந்த இன்னொரு உத்தரவைத்தான் நான் அதிகம் மதிக்கிறேன். ஏரியின் வண்டலை விவசாயிகள் இலவசமாக அள்ளிக்கொள்ளக் கனிம விதிகளில் இடம் கொடுத்தார்கள். நஞ்சைக்கு ஏக்கருக்கு 75 கனமீட்டர், அதாவது 25 டிராக்டர் லோடு. புஞ்சைக்கு 90 கனமீட்டர், 30 லோடு. சிட்டா, அடங்கல், வி.ஏ.ஓ. சான்று இணைத்து மனுக் கொடுக்க வேண்டும். 2024-இல் அனுமதியைத் தாசில்தார் அளவிலேயே வாங்கலாம் என்று எளிதாக்கினார்கள். கோடையில் வறண்ட ஏரிக்குள் டிராக்டர் இறங்கும். நல்ல வண்டலைக் கையில் எடுத்து நசுக்கினால் மாவாக உதிரும், சவுடு நறநறக்கும். கொண்டுபோய் வயலில் குப்பல் குப்பலாகக் கொட்டிவைத்து, முதல் மழைக்கு முன் நிரவி உழுவார்கள். ஏரி ஆழமாகிறது, நிலம் உரம் பெறுகிறது, டீசல் செலவு விவசாயியுடையது, அரசுக்கு நயாபைசா செலவில்லை. தூர் வாரச் சொல்லி யாரும் யாரையும் அதட்ட வேண்டியதும் இல்லை. ஏரியிலிருந்து ஊருக்கு ஏதோ ஒன்று வருகிறது, அதனால் ஊர் ஏரிக்குள் இறங்குகிறது. பழைய ஏரிப்பட்டியின் தர்க்கம் இதுதான்.

இதிலும் ஓட்டை உண்டு. திருவள்ளூர் மாவட்டத்தில் சவுடு குவாரி என்றால் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். சென்னைக்கு மனை நிரப்ப இங்கிருந்து லாரி லாரியாக மண் போகிறது. அள்ளவேண்டியதற்கு மேல் அள்ளிய ஏரியின் நடுவே கிடங்கு விழும். கிடங்கில் நிற்கும் தண்ணீர் மடைக்கு ஏறாது. வண்டலுக்குத் தரும் அனுமதியைச் சங்கத்தின் வழியே கொடுத்து, லோடுக்கு ஒரு சிறு தொகையைச் சங்கப் பெட்டியில் போடச் சொன்னால், கிடங்கு தோண்டுகிறவனைத் தடுக்க முதலில் ஓடி வருகிறவர் சங்கத் தலைவராக இருப்பார்.

வெளியே இரண்டு இடத்தை மட்டும் பார்த்துவிட்டு வருவோம். ராஜஸ்தானின் அல்வர் மாவட்டத்தில், ராஜேந்திர சிங்கின் தருண் பாரத் சங்கத்தோடு சேர்ந்து ஊரார் 1980-களின் நடுவிலிருந்து ஜோஹட் என்னும் சிறு ஏரிகளைக் கட்டினார்கள். அர்வரி ஆறு திரும்ப ஓடத் தொடங்கியது. ஆறு வந்ததும் அதில் மீன் வந்தது. மீன் வந்ததும் மாநில அரசு 1996-இல் மீன்பிடி உரிமையை ஒப்பந்தத்துக்கு விட்டது. செத்த ஆற்றைத் தேடி வராத அரசு, பிழைத்த ஆற்றுக்கு உடனே வந்துவிட்டது. ஊரார் எதிர்த்து நின்று ஒப்பந்தத்தை ரத்து செய்ய வைத்தார்கள். 1999-இல் ஆற்றுக்கென்று ஒரு பாராளுமன்றமே அமைத்தார்கள். எழுபது ஊர்கள் அதில் உட்கார்ந்து, எந்தப் பயிர் வைக்கலாம், எப்போது தண்ணீர் எடுக்கலாம் என்று தீர்மானித்தன. அதற்குச் சட்ட அதிகாரம் கிடையாது.

இன்னொன்று நமக்குப் பக்கம். வேலூர், திருவண்ணாமலை மாவட்டங்களில் ஓடும் நாகநதி. வாழும் கலை அமைப்பு திட்டம் வகுத்துக் கொடுத்தது. கூலியை நூறு நாள் வேலைத் திட்டம் கொடுத்தது. உழைப்பு அந்தப் பக்கத்துப் பெண்களுடையது. மலைச்சரிவில் கல் தடுப்புகள், ஆற்றை ஒட்டி நீர் செறிவூட்டும் உறைகிணறுகள். 2021 செப்டம்பரில் பிரதமர் தம் வானொலி உரையில் இதைக் குறிப்பிட்டார். இங்கே எனக்குப் பிடித்த அம்சம் பாராட்டு அல்ல. மண் சுமந்தவருக்கே கூலி நேராகப் போனது என்பது. 1858-இல் தலைகீழான கணக்கு அந்த அளவுக்காவது நேரானது. நம் கிராமங்களில் நூறு நாள் வேலைக்கு 'ஏரி வேலை' என்றே பெயர் விழுந்துவிட்டது. கரையில் புல் செதுக்குவதோடு அதை நிறுத்தியது வேலைக்கு வந்தவர்களின் குற்றமில்லை. நாகநதியில் போல ஒரு திட்டம் வகுத்துத் தர ஆளில்லாமல் போன குற்றம்.

ஊரும் சங்கமும் எவ்வளவு முயன்றாலும் எட்டாத ஒன்று உண்டு. 2021 நவம்பரில் கார்வேட்நகரப் பக்கத்து அம்மப்பள்ளி அணையிலிருந்து உபரிநீர் திறக்கப்பட்டபோது கொசஸ்தலை பெருகி, பள்ளிப்பட்டுப் பக்கத்தில் தரைப்பாலங்கள் மூழ்கின, ஊர்கள் துண்டிக்கப்பட்டன. ஒன்பது மாதம் கழித்து, 2022 ஆகஸ்டில், கதை எதிர்ப்பக்கம் திரும்பியது. கொசஸ்தலையின் குறுக்கே கார்வேட்நகரம் மண்டலத்தில் ஆந்திரம் இரண்டு நீர்த்தேக்கம் கட்டப் போகிறது என்று தெரிந்து, அதைக் கைவிடும்படி முதல்வர் ஸ்டாலின் அப்போதைய ஆந்திர முதல்வர் ஜெகன்மோகன் ரெட்டிக்குக் கடிதம் எழுதினார். சென்னையின் குடிநீரும் பூண்டிக்கு மேலே உள்ள பாசனமும் பாதிக்கும் என்பது வாதம். ஒரு வருஷம் தண்ணீர் அதிகம் வருகிறது என்று அழுகை, மறு வருஷம் வராமல் போய்விடும் என்று அழுகை. பழைய ஜமீனின் தலைநகர் அங்கே, அதன் ஏரிகளில் ஒரு பாதி இங்கே. இரண்டு மாநிலமும் மேசையில் உட்கார்ந்து பேசித்தான் ஆகவேண்டும். அதைப் பள்ளிப்பட்டு ஆயக்கட்டுதாரர் சங்கத்தின் தலையில் கட்ட முடியாது. ஆறு காக்கும் ஊர்களுக்கு அரசு செய்யக்கூடிய உதவிகளில் காசு இல்லாத உதவி இது. செய்வதற்கு மிகக் கஷ்டமானதும் இதுவே.

காசு உள்ள உதவிக்கு ஒரு யோசனை. கொசஸ்தலை கொண்டுவரும் நீர் பூண்டியில் சேர்ந்து சென்னைக்குப் போகிறது. 3,231 மில்லியன் கனஅடி கொள்ளும் ஏரி அது. சென்னைவாசி தண்ணீர் வரி கட்டுகிறார். அந்த வரியில் பூண்டிக்கு மேலே இருக்கும் ஏரிச் சங்கங்களுக்கு ஒரு பங்கு ஒதுக்கலாம். பத்தில் ஒன்று வேண்டாம், நூறில் ஒன்று போதும். வரத்துக்காலில் முள் வெட்டவும், கலங்கலில் களிமண் வைக்கவும், நந்தியாற்றில் சாக்கடை இறங்கும் இடத்தில் காவல் நிற்கவும் அது தாராளம். நகரத்துக்காரர்களிடம் இதைச் சொன்னால் என்ன பதில் வரும் என்று எனக்கு ஓரளவு தெரியும். பூண்டியைக் கட்டும்போதும் நகரத்துக்கும் கிராமத்துக்கும் இடையே இதே கணக்கு எழுந்திருக்க வேண்டும்.

1940-இல் மேயர் சத்தியமூர்த்தியின் முயற்சியில் அடிக்கல் நாட்டி, 1944-இல் முடிந்த வேலை அது. திறப்பைப் பார்க்காமலே 1943-இல் அவர் கண்மூடினார். அந்த நான்கு ஆண்டுகளின் கதையை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)